எண்பத்திரண்டு

ஜுபைலில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில்.
முதலில் எந்த மொழி படிக்கலாம் என்று
வாய்விட்டுக் கேட்டது என் தப்பு.
ஜாவா என்றான் ஷிஜு,
அவன் அளியனுக்குக் கொச்சியில் அதில்தான் சோறாம்.
சி தெரியாதவன் அஸ்திவாரம் தோண்டாத கொத்தன் என்றார்
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட தஸ்நேவிஸ்.
மொழியென்றால் இந்தி படி மாப்ளே, ஃபோர்மேன் ஆகலாம்,
மேல்கட்டில் செய்யது.

நான் பைத்தானை எடுத்தேன்.
பெரிய காரணமில்லை.
என் பழைய போனில் அது ஒன்றுதான் திறந்தது.
மற்றதெல்லாம் இடமில்லை என்றன,
கேம்ப் பாஸ் மாதிரி.

ஸ்பேனர் பிடித்த கட்டைவிரல்,
ஒரு புள்ளி அழுத்தினால் இரண்டு விழும்.
இரண்டு வேண்டிய இடத்தில் ஒன்றும் விழாது.
சிவப்பில் ஒரு வரி வரும்: ஏழாம் வரியில் பிழை.
திட்டு வாங்கிய இத்தனை வருஷத்தில்
எந்த இடத்தில் என்று சொல்லித் திட்டியது
இது ஒன்றுதான்.

நான்கு இடம் தள்ளித் தொடங்கு என்றது பாடம்.
இந்த அறையில்
ஓர் இடம் தள்ளிப் படுக்க வழியில்லை.
பூஜ்யத்திலிருந்து எண்ணு என்றது.
அது உடனே புரிந்தது:
ஏஜெண்டுக்குப் போன முதல் மூன்று மாதத்தை
நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பயிற்சிக்கு ஆப்பிள் விலை கொடுத்திருந்தார்கள்.
ஆப்பிளை அழித்துவிட்டு
என் ஓவர்டைமைப் போட்டேன்.
மணி, ரேட், ஒன்றரை மடங்கு.
சம்பளச் சீட்டைவிட
நூற்றுப் பதினெட்டு ரியால் கூடுதலாய் வந்தது.

என் பிழைதான், வேறென்ன.
ஒரு வெள்ளிக்கிழமையை இரண்டு முறை கூட்டியிருந்தேன்.
திருத்தினேன். எண்பத்திரண்டு.
அடைப்புக்குறியை இடம் மாற்றினேன்,
முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன்,
ஏழாம் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தேன்,
சிவப்பு எதுவும் வரவில்லை.
மூன்று இரவும் எண்பத்திரண்டு.

தஸ்நேவிஸிடம் காட்டினேன்.
பரோட்டா சுற்றி வந்த தாளில் பெருக்கிப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை.
ஒன்றும் சொல்லவில்லை.
கட்டில் இடுக்கு வழியாகத் தன் சீட்டை நீட்டினார்.
அப்புறம் ஷிஜுவுடையது.
மேலேயிருந்து, நாலாய் மடித்து,
செய்யதுடையது. போன வருஷத்துச் சீட்டும் ஆகுமா
என்று கேட்டுக்கொண்டே.

லூப் என்ற பாடத்தைக்
கஷ்டமென்று தாண்டி வந்திருந்தேன்.
திரும்பிப் போய்த் திறக்கிறேன்.
மணி ஒன்று பத்து.
பஸ் நாலரைக்கு.