பதினாலரை

துக்ளகாபாத். ஜனவரி.
காலை எட்டாகியும் ஐம்பது மீட்டருக்கு அப்பால்
இலக்கு இல்லை, மூட்டம்தான் இருக்கிறது.
அது விலகும்வரை
பாயில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருக்கிறேன்.
ஒன்று வால்நட் கட்டை. ஒன்று அலுமினியச் சட்டகம்.
பேரல் ஒன்றே ஒன்று;
இன்று இரண்டு வீட்டுக்கும் மாறிமாறிக் குடிபோகும்.

வரும் வழியில் ஆட்டோக்காரர் கேட்டார்:
பெட்டிக்குள் என்ன மேடம், கிதாரா?
ஆமாம் என்றேன்.
பழைய பாட்டா, புதுப் பாட்டா?
அதை முடிவு செய்யத்தான் போகிறேன் என்றேன்.

மரத்தின் அடிவயிற்றில் ஊசியால் கீறிய பெயர்: எம். தத்தா.
எனக்கு முன் இதைத் தோளில் வைத்தவள். பார்த்ததில்லை.
அவள் கன்னத்துக்கென்று யாரோ அரத்தால் இழைத்த பள்ளத்தில்
ஒன்பது வருடமாக என் கன்னத்தை வைத்துவருகிறேன்.
தத்தாவுக்குக் கழுத்து குட்டை.
எனக்கு இதைச் சொன்னது என் கழுத்துதான்,
ஒவ்வொரு அறுபது குண்டுக்குப் பிறகும்,
இரவில், சூடான ஒத்தடத்தின் கீழே.

மரத்துக்கு வானிலை உண்டு.
ஆகஸ்டில் ஊதும். மே மாதம் வற்றும்.
வெள்ளிக்கிழமை இறுக்கிய திருகு
திங்களன்று வேறு மனநிலையில் இருக்கும்.
ஒன்பது புள்ளி எட்டு விழுந்தால்
கட்டை ஊதியிருக்கு என்பேன்.
கோச் தலையாட்டுவார்.
ரயில்வே விளையாட்டுப் பிரிவு அதை ஃபைலில் எழுதிக்கொள்ளும்.
நெய்வேலியிலிருந்து போனில் இளங்கீரன்கூட
'சரி, மழை நிக்கட்டும்' என்பான்.

அலுமினியம், சதையே இல்லாத பிராணி.
எண்ணூறு கிராம் குறைவு.
இந்தக் குளிரில் தொட்டால் விரல் சுள்ளென்கிறது;
மே மாதம் சுடுமாம், கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.
கன்னத்துக்கு ஓர் எண், தோளுக்கு ஓர் எண்,
கைப்பிடியின் சாய்வுக்கு ஓர் எண்.
கடையில் குல்ஷன் சேத்தி சின்னச் சாவியை என்னிடம் நீட்டி
எவ்வளவு வேணும் என்றார்.
கரோல்பாக் ரவிக்கைத் தையல்காரருக்குப் பிறகு
இந்த ஊரில் என்னை அளவு கேட்டவர் அவர்தான்.
ஏற்றினேன். இறக்கினேன். அரை அரை மில்லிமீட்டராக.
பதினான்கில் கழுத்து யோசித்தது.
பதினாலரையில்
கழுத்து என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது.

மூட்டம் விலகிவிட்டது. பத்துப் பத்தாகச் சுட்டேன்.
மரம்: நூற்று மூன்று புள்ளி ஆறு.
உலோகம்: நூற்று மூன்று புள்ளி நான்கு.

பி.எஃப். கடன் போட்டு
புள்ளி இரண்டு குறைத்து வாங்குவதா?
சிரிப்புதான் வந்தது, படுத்தபடியே,
மார்பு பாயில் அதிர.

குறைத்தது கடைசிக் குண்டு. ஒன்பது புள்ளி எட்டு.
யார்மேல் போடலாம் என்று தேடினேன்.
காற்றுக்கொடி அசையவில்லை.
திருகுகளைச் சோதித்தேன், விட்ட இடத்தில் இருந்தன.
பதினாலரை பதினாலரையாகவே இருந்தது.
சந்தேகத்துக்கு மிச்சமிருந்தது
ஒரு சுட்டுவிரல்.
வலது கை. என்னுடையது.

பக்கத்துப் பாயில் ரோத்தக்கிலிருந்து வரும் பெண், மீனு தஹியா,
தீதி, ஒரு தடவை என்று
வால்நட்டைக் கேட்டாள்.
படுத்தாள். கன்னம் வைத்தாள்.
எதையும் சரிசெய்துகொள்ளவில்லை.
எம். தத்தாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்,
ரோத்தக் முகத்தோடு, குட்டைக் கழுத்தோடு.

என்ன விலை சொல்வீங்க என்றாள், கண்ணை எடுக்காமலே.

சொன்னேன். பாதிதான் சொன்னேன்.
மழைக்காலத்தில் ஊதும் என்பதையும் சொல்லிவிட்டேன், ஒளிக்கவில்லை.

அது எவ்வளவு பெரிய வசதி என்பதை
சொல்லவில்லை.