ஒன்றரை அடி

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டியது ஜபருல்லாவின் கடை.
மெஷின் பினாங்கிலிருந்து கப்பலேறி வந்ததாம்.
இறக்கும்போது எங்கோ இடித்ததில்
சிவப்பு மட்டும் செத்துவிட்டது.

ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர்.

மேலிருந்து இறங்கி வரும்
ஓரம் கடித்த பிஸ்கட் போல, கோணலாக.
கீழிருந்து நான் சுடுவேன்.
சுட்டால் எதுவும் சாகாது. குண்டு போய்
ஒரு கட்டமாக ஒட்டிக்கொள்ளும்.
பள்ளம் நிரம்பி நாலு மூலையும் நேரானால்
மொத்தமும் மறையும்.
அவசரத்தில் ஒன்று கூடிப்போனால்
புதிதாக மூக்கு முளைக்கும்,
அப்புறம் மூக்குக்கும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

சிவப்புத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது.
பின்னால் நட்சத்திரங்கள் வரிசையாக அணைவதை வைத்து
அங்கே ஒன்று வருகிறது என்று
தெரிந்துகொள்ள வேண்டும்.

"டைப் அக்கா, இடது பக்கம்!"
பரோட்டாக் கடைப் பையன் சேவுகன் என் முதுகில் கத்துவான்.
பொம்பளைக்கு இங்கென்ன என்ற பார்வையெல்லாம்
மூன்றாவது வாரத்தோடு ஓய்ந்தது.

இரண்டு மணிக்குப் பத்திர ஆபீஸ்.
மூன்று கார்பன், நாலு தாள்.
*கிழமேல் ஜாதியடி நாற்பத்திரண்டு,
தென்வடல் ஜாதியடி அறுபது,
இந்த நான்கெல்லைக்குள்பட்ட*
இரண்டாங்கட்டு வீட்டுக்கு ஒன்பது பங்கு.
எட்டு முடிந்துவிட்டது.
கிணற்றோரம் ஒன்றரை அடி
நாச்சியப்பனுக்கா, தெய்வானைக்கா?
ஆறு நாளாக இதே பேச்சு,
ஆறு நாளும் காபி என் கணக்கில்.

வரைபடத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தவள்
வாய்விட்டேன்:
"அதைத் தூக்கி வடக்குப் பங்கில் சொருகினால்
ரெண்டுமே நேராயிடும்."

காத்தாடிச் சத்தம் மட்டும் கேட்டது.
"நீ டைப்பை அடிம்மா" என்றார் எழுத்தர் வைரவன்.
தெய்வானை மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"நேரானா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்.
அதை அந்த வீட்டைப் பற்றி
எப்படிச் சொல்வது?
கார்பனை மாற்றுவது போல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் மத்தியானம் பதினேழாம் கட்டம் வரை போனேன்.
இதுவரை யாரும் போகாத இடம்.
துண்டுகள் அடைமழை.
முதல் உயிர் போன கையோடு
கரண்டும் போனது.

திரை சுருங்கி ஒரு புள்ளியாகி
அதுவும் போனது.
மூன்று எழுத்தில் நான் அடித்து வைத்திருந்த
என் பெயரும் அதோடு போயிருக்கும்.

ஜபருல்லா எட்டணாவை நீட்டினார்.
"ரெண்டு உயிர் பாக்கி இருந்தது பாய்."
கூரையைப் பார்த்து யோசித்தார்.
டப்பாவைத் துழாவி
இன்னொரு நாலணா வைத்தார்.

கணக்குப்படி
எட்டுக் காசு அவருக்கு நட்டம்.
நான் சொல்லவில்லை.