நடைபாதை இரண்டு

ரிக்கற் ஐம்பது ரூபா.
கிழித்துத் தந்த கோகுலராஜ்
போன வருசத்துத் திகதியைப் பேனையால் வெட்டினான்.
"மலசலகூடம் பூட்டு. திறப்பு சபையில."
சபை எட்டுக் கட்டை.

ஊஞ்சலுக்கு ஒரு சங்கிலிதான்.
மகள் அதையே பிடித்துச் சுற்றினாள்.
வாங்கில் நன்கொடையாளர் பெயர் இருக்கிறது,
இருக்கப் பலகை இல்லை.

நடைபாதை இரண்டு என்ற அம்புக்குறி
பற்றைக்குள் பார்த்தது.
போனோம்.
வீரை மரம் குறுக்கே விழுந்து கிடக்க
யாரோ சுற்றிப் போயிருந்தார்கள்.
யானையாகவும் இருக்கலாம்,
அந்த வழி அகலம்.

பாலைப்பழம் பொறுக்கித் தின்று
உதடு ஒட்டி, கதைக்க முடியாமல்
திரும்பினோம்.

வாசலில் கருத்துப் புத்தகத்தை நீட்டினான்.
"ஏதும் எழுதுங்கோவன். பார்க்க ஆள் வருமாம்."
சங்கிலி என்று தொடங்கினேன்.
வெட்டினேன்.
பாலைப்பழம் என்று எழுதினேன்.
கடதாசி
விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.