மான் அடித்த கோல்

மருந்துக்கடைப் பிள்ளை துண்டைப் பார்த்துவிட்டு
"கனகசூரியம்... நீங்கள் அந்தக் கச்சானோ?" என்றாள்.
நெஞ்சை நிமிர்த்தினேன்.
"அம்மா சொல்லுவா, நல்ல பகிடிகாரன்,
பாவம், செத்துப் போயிட்டார் எண்டு."
பிறஷர் குளிசை முப்பது எண்ணித் தந்தாள்.
செத்தவனுக்குக் கழிவு உண்டோ என்று கேட்டேன்.
முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

ஒருகாலம்
டொக்யாட் வீதியில் சைக்கிளை மறித்து
ஒரு பகிடி வாங்காமல் விடமாட்டார்கள்.
செத்தவீட்டுக்கு வராதே என்பார்கள்,
என் முகத்தைக் கண்டால்
ஒப்பாரி இடையில் முறிந்துவிடுமாம்.
சொந்த மாமனின் பாடைக்குப் பின்னால்
குடையால் முகத்தை மறைத்து நடந்தவன் நான்.

மேடையில் கிழவனாக வர
முக்கால் மணித்தியாலம் பிடிக்கும் அப்போது:
பவுடர், பஞ்சு மீசை, முதுகுக்குத் தலையணை.
இப்போது குளித்துவிட்டு வந்தால் போதும்.

என் பகிடிகளுக்கெல்லாம் தாய்ப் பகிடி ஒன்று.
எழுபத்தொன்பது, ஏகாம்பரம் மைதானம், இறுதியாட்டம்.
கோல் காப்பது நான், ஐந்தடி மூன்றங்குலம்.
கையுறை வைத்திருந்தவன் நான் மட்டும்தான்,
அதுவும் ஒட்டு வேலைக் கடையில் இரவல்.
முடிய மூன்று நிமிஷம்.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு புள்ளிமான் வந்து
மூலைக்கொடியைக் கடித்துப் பார்த்தது.
நான் அதைப் பார்த்தேன்.
பந்து என்னைப் பார்க்காமல் உள்ளே போனது.

மைதானமே சிரித்தது.
தோற்ற எங்கள் ஆட்களும் சிரித்தார்கள்.
மத்தியஸ்தரால் விசில் ஊதமுடியவில்லை.
அந்தச் சத்தம் காதுக்குள் போய்க் குடியிருந்தது,
அதன்பிறகு எனக்கு வேறு தொழில் சரிவரவில்லை.
நாற்பது வருஷம் அந்த மானை மேய்த்துச் சாப்பிட்டேன்.
யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொம்பு முளைத்தது.
மட்டக்களப்பில் குட்டியோடு வந்தது.
ரொறொன்ரோவில்
சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியது.

போன மாசம், ஆஸ்பத்திரி, சீனி வருத்தக் கிளினிக்.
என் இலக்கம் நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு, இஸ்ஸதீன்.
பாதையில் சனம் நிறைய ஏற்றிக்கொண்டு
கிண்ணியாவிலிருந்து விளையாட வருகிற இஸ்ஸதீன்,
அந்த இடதுகால்.
அதில் இப்போது இரண்டு விரல் இல்லை.

"கச்சான், ஒண்டு கேக்கட்டா?
அந்தக் கோல் நான்தானே அடிச்ச?"
"நீதான்."
"எண்ட பேரப்பிள்ளையள் கேக்குதுகள்,
மான் அடிச்ச மெச்சில
மூத்தாப்பாவும் விளையாடினதா எண்டு.
முப்பது யார்டா. கடக்காத்துக்கு எதிரா.
நீ பாத்திருந்தாலும் பிடிச்சிருக்க ஏலாது."

பதில் பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கப் பார்த்தேன்.
வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.
அப்படியே வாயில் வைத்திருந்தேன்
தாதி கூப்பிடும் வரைக்கும்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மாற்றிச் சொன்னேன்.
மானே வரவில்லை என்றேன்.
இஸ்ஸதீன் அடித்தார், நான் பாய்ந்தேன்,
என் உயரத்துக்கும் பந்துக்கும் நடுவில்
ஓர் ஆள் படுக்கலாம் என்றேன்.
சனம் காத்திருந்தது.
கதிரைகள் கிறீச்சிட்டன.
பின்வரிசையில் ஒரு பொடியன் கத்தினான்:
"மான் எங்க?"
கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தார்கள்.
மூன்றாம் வரிசையில்
கண்ணைத் துடைத்துத் துடைத்து இஸ்ஸதீனும்.

வெளியே வந்தோம்.
வாசல் மதிலில் ஒட்டியிருந்த என் நோட்டீசை
ஒரு மான் தின்றுகொண்டு நின்றது.
பசை ருசித்திருக்க வேண்டும்.
பெயரை முடித்து, படத்தில்
நெற்றி வரைக்கும் வந்திருந்தது.
சூ என்று விரட்டக் கை ஓங்கினேன்.

"விடு மச்சான்" என்றார் இஸ்ஸதீன்,
"அதுட பங்க அது திங்குது."