இரவல் மூக்கு

ஸெனித்சா உருக்காலை என் மூக்கை
இருபது வருடத்தில் தின்று முடித்தது.
பழைய கோல்ஃபில் கருகல் வாடை என்று
மெவ்லா சொன்னால்தான் உண்டு.
"ஓடும்போது இல்லை. சிக்னலில் நின்றால்."

ராத்திரி அடியில் அட்டை விரித்தேன்.
காலையில் மூன்று சொட்டு.
பச்சையில்லை, சிவப்பில்லை,
தேன் கறுத்த நிறம்: எஞ்சின் ஆயில்.

சொட்டிய இடம் கசிந்த இடமல்ல என்றான் ஃபிக்ரெத்.
துடைத்து, குழந்தைப் பவுடர் தூவி
பாலம்வரை ஓட்டிவரச் சொன்னான்.

வெள்ளையில் ஒரு கறுப்பு வாய்க்கால்.
வால்வு மூடியின் பின்மூலையில் பிறந்து
கொதிக்கும் புகைக்குழாய்மேல் சாகிறது.
கேஸ்கெட் பதினெட்டு மார்க்.

திரும்பும் வழி, அதே சிக்னல்.
"வருகிறதா?"
"இல்லை."
கண்ணாடியை இறக்கினாள்.
"யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள்.
தீயவிடுகிறார்கள்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்.
"அப்புறம்?" என்றேன்.