தாழ்ப்பாள்

கொம்தார் பக்கத்து ஓட்டலில், ஏழாம் மாடியில்,
மேடைத் திரையில் அக்காவின் முகம்
ஒரு பஸ் அகலத்துக்கு.
கோகிலவாணி என்ற பெயரை
அறிவிப்பாளர் இரண்டாக உடைத்து
நடுவில் மூச்சு வாங்கினார்.
பிறகு எண்கள்:
இருபத்திரண்டு ஆண்டுப் பணி,
நான்கு லட்சம் கிலோமீட்டர் விபத்தில்லாமல்,
பணிமனையின் முதல் பெண் மேலாளர்.

எங்கள் மேசை கடைசி, கதவோரம்.
நான், காக் நோரைசா, மெய் யீ,
மாலை ஷிஃப்ட் முடித்துச் சீருடையோடு ஓடிவந்த தேன்மலர்.

எண்கள் சரிதான்.
ஆனால் அந்த நாட்களில்
நாங்கள் கணக்குப் பார்த்தது தண்ணீரை.
விடியற்காலையில் ஒரு மூடி.
படகுத்துறை தாண்டி, நாக்கை நனைக்க இன்னொன்று.
பத்து பிரிங்கி வளைவுகளில்
என் சன்னல் நிறையக் கடல்,
குடிக்கத்தான் பயம்.

தெலுக் பாஹாங் கடைசி நிறுத்தத்தில்
ஒரு தகரக் கொட்டகை.
கதவு இருந்தது. தாழ்ப்பாள் இல்லை.
ஒரு காலை நீட்டிக் கதவை மிதித்தபடியே
குந்தத் தெரிந்தவள்தான்
அங்கே நல்ல ஓட்டுநர்.
வெளியே மீன்காரர் ஒருவர் இருமுவார்,
தாம் வந்திருப்பதை நாசூக்காகச் சொல்ல.
எனக்கு நீர்க்கடுப்பு இரண்டு முறை.
நோரைசாவுக்குச் சிறுநீரகம் வரை போயிற்று.
மெய் யீ எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அக்கா ஒன்பது கடிதம் எழுதினார்.
பதில் ஒன்று வந்தது:
பெண் ஓட்டுநர்கள் நால்வரே என்பதால்
செலவு பரிசீலனையில் உள்ளது.
பரிசீலனை ஒரு மழைக்காலம் நீண்டது.
கொட்டகை ஒழுகியது.

ஒரு வியாழக்கிழமை
ஜெலுத்தோங் இரும்புக்கடையில்
நாலு வெள்ளி எண்பது காசுக்கு
தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி ஐந்து.
பன்னிரண்டு நிமிட இடைவேளையில்
அக்கா மண்டியிட்டு முடுக்கினார்.
நான் டார்ச் பிடித்தேன்.
கடைசித் திருகாணி கோணலாய் ஏறிற்று.
"இருக்கட்டும்டி, அதுவும் பிடிக்கும்."
பஸ் நேரத்துக்கே கிளம்பியது.

மறுவாரம் எச்சரிக்கைக் கடிதம்:
அனுமதியின்றி நிறுவனச் சொத்தில் மாற்றம் செய்தமை.

மேடையில் அக்கா பேச இரண்டு நிமிடம்.
கைப்பையிலிருந்து
மடிப்பில் கிழிந்த தாளொன்றை எடுக்கிறார்.
நன்றியுரை என்று நினைத்துக்கொள்கிறது மண்டபம்.
மலாயில், நிதானமாக,
நிறுத்தங்களைக் கூப்பிடுவதுபோல் படிக்கிறார்.
தேதியோடு. குறிப்பெண்ணோடு.
கையெழுத்து வந்ததும்
பெயரைச் சொல்லாமல் மடித்துவிடுகிறார்.

முதல் மேசையில் ஒரு சூப்புக் கரண்டி
கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நிற்கிறது.

"தாழ்ப்பாள் இன்னும் இருக்கிறது," என்கிறார்.
"நாலு வெள்ளி எண்பதை
இதுவரை யாரும் தரவில்லை."

சிரிக்கிறார்கள். சிரிக்காதவர்களும் தட்டுகிறார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில் நோரைசா
இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிக்கிறார்.

கால அட்டவணை அக்கா கைக்கு வந்த முதல் மாதம்
கடைசி நிறுத்தத்தில்
எல்லோருக்கும் எட்டு நிமிடம் கூடிற்று.
ஆண்கள் அதில் சிகரெட் பிடித்தார்கள்.
பிடிக்கட்டும்.
இன்று நாங்கள் முப்பத்தொரு பேர்.
தேன்மலருக்குக்
காலை நீட்டிக் கதவை மிதிக்கத் தெரியாது.
அது தெரியாமலே நல்ல ஓட்டுநர்.

விருந்தில் கோழி ஆறிப்போயிருந்தது.
நான் தண்ணீராகவே குடித்தேன்,
ஊற்றிய பையன் சலித்து
கூஜாவை மேசையிலேயே விட்டுப் போகும்வரை.

காலை ஐந்து பத்துக்கு என் வண்டி.
ஒன்றரை லிட்டர் புட்டியைக்
கழுத்துவரை நிரப்பி
இருக்கையோரம் செருகினேன்.
தஞ்சோங் பூங்கா சிவப்பு விளக்கில்
மூடியைத் திறந்தேன்.
பச்சை விழுமுன்
பாதி காலி.