எடைச்சீட்டு

பெர்ப்பிஞான் தாண்டி ஓரங்கட்டச் சொன்னார்கள்.
சக்கரத்துக்கு ஒன்றாய் நான்கு எடைத்தட்டு.
"அறுபத்திரண்டு கிலோ கூடுதல்" என்றாள் போலீஸ்காரி,
பிதுங்கிய டயரை பூட்ஸ் நுனியால் தட்டி.

கதவிடுக்கில் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டைப்
பதினோரு வருடமாய் நான் படித்ததில்லை.
இவ்வளவுதான் தாங்குவேன் என்று
வாங்கிய அன்றே எழுதிக் கொடுத்திருக்கிறது வண்டி.
லாரி கடக்கும்போதெல்லாம் வால் ஆடியதை
நான் காற்று என்று சொல்லி வந்தேன்.

இட்டோ எதுவும் பேசவில்லை. கயிற்றை அவிழ்த்தாள்.
திஸ்னித்தில் தம்பி இத்தேர் கட்டும் குளியலறைக்கு
நான்கு பெட்டி டைல்ஸ், பெட்டி பதினேழு கிலோ.
இறங்கின.
கூரைமேல் இருந்த தையல் இயந்திரம், என் அக்காளுக்கு,
அந்த இடத்தில் தரையோடு அமர்ந்தது.
மெத்தை மட்டும் மேலே, என் அம்மாவுக்கு.

நல்லவேளை, அவளுடையது எதையும் இறக்கவில்லை
என்று நினைத்தேன்.
பிறகு பின்கதவு வழியே தேடிப் பார்த்தேன்.
அவளுடையது எதுவும் ஏறவே இல்லை.

மறுபடி தட்டில் ஏறினோம்.
"இன்னும் ஆறு கிலோ வைக்கலாம்" என்றாள் போலீஸ்காரி.
இட்டோவைப் பார்த்தேன்.
சீட்பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்,
வெயிலில் கிடந்த பெட்டிகளை எண்ணியபடி.